பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க்கில் விரிசலா? ஒட்டாதீர்கள், உருக்கிச் சேருங்கள்

டர்ட் பைக்கின் பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில்தான் வருகிறது. ரேடியேட்டர், ஏர்பாக்ஸ், என்ஜின் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு, இருக்கிற கொஞ்ச இடத்துக்குள் உட்காரும் வடிவத்தை இரும்புத் தகட்டில் அடித்து எடுப்பது சிரமம்; பிளாஸ்டிக்கில் அச்சில் வார்த்துவிடலாம். எடையும் குறைவு. வண்டி விழுந்தாலும் ஒடுக்கு விழாமல் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். ஹிமாலயன் மாதிரி சாலையிலும் காட்டிலும் ஓடும் வண்டிகளில் டேங்க் இரும்புதான். சந்தேகம் இருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் உங்களுக்கு வேண்டியது தகர வெல்டர். இந்தக் கட்டுரை அல்ல.

பிளாஸ்டிக் டேங்க்கில் விரிசல் விழுந்தால் பலரும் முதலில் தேடுவது எம்-சீல் அல்லது அரால்டைட். இரண்டும் சில நாளில் தோலாக உரிந்து வந்துவிடும். இந்த பிளாஸ்டிக்கை ஒட்ட முடியாது. அதையே உருக்கி, அதனுடனேயே சேர்க்கத்தான் முடியும். உருக்க வேண்டும் என்றால் சூடு வேண்டும். பெட்ரோல் இருந்த பாத்திரத்தின் அருகே சூட்டைக் கொண்டுபோகிறோம் என்பதால், வேலையில் முக்கால் பங்கு வெல்டிங்குக்கு முன்பே முடிந்துவிட வேண்டியது.

கசிவது டேங்க்தானா?

டேங்க்குக்கு அடியில் ஈரம் தெரிந்தால் உடனே விரிசல் என்று முடிவுகட்ட வேண்டாம். பெட்ரோல் டேப்பின் ஓ-ரிங் காய்ந்து சுருங்கியிருக்கலாம். ஃபியூவல் பம்ப்பைப் பிடித்திருக்கும் வளையத்தின் கேஸ்கெட் நகர்ந்திருக்கலாம். மூடியிலிருந்து வரும் மெல்லிய வென்ட் ஹோஸ் வழியாக வழிந்து, டேங்க் முதுகில் ஓடி, கீழே சொட்டுகிறதாகவும் இருக்கலாம். திரவம் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

வண்டி நன்றாக ஆறிய பிறகு, பக்கவாட்டு ஷ்ரவுட்களைக் கழற்றிவிட்டு, டேங்க்கை வெளியே துடைத்துக் காயவிடுங்கள். சந்தேகப்படும் இடங்களில் சாக்பீஸ் பொடியைத் தடவி சற்று நேரம் காத்திருங்கள். பெட்ரோல் பட்ட இடம் கருத்துக் காட்டிக்கொடுக்கும். அந்தக் கறையின் மேல் நுனிதான் கசிவு தொடங்கும் இடம்.

விரிசல் விழும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஒன்றுதான். ஷ்ரவுட் போல்ட் ஏறும் பித்தளைச் செருகலைச் சுற்றி. டேங்க்கைச் சட்டத்தோடு பிணைக்கும் காதுகளின் அடியில். பெட்ரோல் டேப், பம்ப் ஆகியவற்றின் வாயோரம். அப்புறம், டேங்க்கின் உட்பக்கம் சட்டத்தோடு உரசும் இடம். கடைசியாகச் சொன்னதைப் பலரும் கவனிப்பதில்லை. டேங்க்குக்கும் சட்டத்துக்கும் நடுவே சேறு புகுந்து காய்ந்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும். வண்டி அதிரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒருநாள் ஓட்டையே போட்டுவிடும்.

விரிசலின் காரணத்தை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியதா, ரப்பர் புஷ் தொலைந்துபோனதா, சட்டம் உரசியதா? அதைச் சரிசெய்யாமல் டேங்க்கை மட்டும் வெல்டு செய்தால், அடுத்த விரிசல் வெல்டுக்குப் பக்கத்திலேயே விழும்.

எந்த பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும்

டேங்க்குகளில் பரவலாக இருப்பது பாலிஎத்திலீன், அதிலும் ஹெச்டிபிஇ எனப்படும் அடர்த்தி கூடிய வகை. என்ஜின் ஆயில் கேனும் இதே ரகம்தான். ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸில் உருகும்; ஆறினால் மறுபடி இறுகும். இதை வெல்டு செய்யலாம்.

இரண்டாவது வகை, குறுக்கிணைப்பு செய்த பாலிஎத்திலீன். தனியாக வாங்கிப் பொருத்தும் பெரிய கொள்ளளவு டேங்க்குகள் சிலவற்றை இதில் செய்கிறார்கள். அச்சில் வேகும்போதே இதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று நிரந்தரமாகப் பிணைந்துவிடுகின்றன. அடி தாங்குவதில் கெட்டி. ஆனால் வெந்த முட்டையை மறுபடி உருக்க முடியாதது போல இதையும் உருக்க முடியாது.

மூன்றாவது நைலான். சாலை வண்டிகளில் சிலவற்றில் உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோலில் நைலான் உப்பி வடிவம் மாறும். பாலிஎத்திலீனை எத்தனால் பெரிதாகப் பாதிப்பதில்லை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் போடுகிற நமக்கு இது ஆறுதலான செய்தி.

எது என்று கண்டுபிடிக்க முதலில் டேங்க்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அம்புக்குறிகளுக்கு நடுவே பொருளின் சுருக்கப் பெயரை அச்சிலேயே பதித்திருப்பார்கள். இல்லையென்றால், வெளி விளிம்பில் தேவையில்லாத ஓர் ஓரத்திலிருந்து பிளேடால் ஒரு சுருளைச் சீவி எடுங்கள். தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி ஒட்டாமல் அமுக்கிவிட்டுப் பாருங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன், மூழ்கினால் நைலான். அடுத்து, அந்தச் சுருளை டேங்க்கிலிருந்து வெகு தூரம் கொண்டுபோய் சால்டரிங் அயர்ன் முனையில் வையுங்கள். இளகி, கண்ணாடிபோலத் தெளிந்து, மெழுகுவர்த்தி வாசனையோடு ஓடினால் ஹெச்டிபிஇ. ஓடாமல் ரப்பர்போல நெளிந்து, மேலும் சூடேற்றினால் கருகினால் குறுக்கிணைப்பு வகை.

பசை ஏன் நிற்பதில்லை?

ஒரு பசை ஒட்ட வேண்டுமென்றால் முதலில் அது பரப்பில் நன்றாகப் பரவ வேண்டும். பாலிஎத்திலீன் பரப்பு எதையும் பரவவிடாது. தண்ணீர்கூட அதன்மேல் முத்து முத்தாக நிற்கும். அதன் மூலக்கூறுகளில் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். பசை பற்றிக்கொள்ள அங்கே பிடிமானம் கிடையாது. சூப்பர் க்ளூவைப் பெரும்பாலும் பாலிஎத்திலீன் குப்பியில் அடைத்து விற்பதும் இதனால்தான். உள்ளே ஒட்டாத பசை, வெளியே மட்டும் எப்படி ஒட்டும்?

இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்ரோல் பாலிஎத்திலீனுக்குள் மெல்ல ஊறி, ஆவியாக மறுபக்கம் வெளியேறிக்கொண்டே இருக்கும். டேங்க்மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கொப்புளம் கொப்புளமாக எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தடுக்கத்தான் பிளாஸ்டிக் டேங்க்குக்கான ஸ்டிக்கர்களில் ஊசித் துளைகள் போடுகிறார்கள். ஸ்டிக்கரைத் தூக்கும் அதே ஆவி, அரால்டைட் பத்தையையும் அடியிலிருந்து தூக்கிவிடும்.

பெட்ரோலை வெளியேற்றுவதுதான் பெரிய வேலை

நிரம்பிய டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. எரிவது திரவமல்ல, காற்றோடு கலந்த ஆவி. காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் இருந்தாலே தீப்பற்றும். 8 லிட்டர் டேங்க்கில் அந்த அளவை எட்ட அரை மில்லிலிட்டர் பெட்ரோல் போதும். தேக்கரண்டியில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குக் காலியாகத் தெரிகிற டேங்க்கில் அதைவிட அதிகம் இருக்கும். இந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கி, தள்ளி இருக்கும் நெருப்பையும் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும்.

எனவே இந்த வேலை முழுவதும் திறந்த வெளியில், வெயில் நேரடியாகப் படாத இடத்தில் நடக்கட்டும். வீட்டுக்குள்ளோ மோட்டார் அறையிலோ கூடாது. ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட், இன்வெர்ட்டர், பூஜை விளக்கு, எல்லாமே தீப்பொறிக்கு வழி.

பெட்ரோலை மூடியுள்ள கேனில் வடித்துவிட்டு மூடி, டேப், பம்ப், ஹோஸ் அனைத்தையும் கழற்றுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். சில தடவை இதைச் செய்தபின் வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சோப்பு நீரை உள்ளே நாள்கணக்கில் ஊறவைக்க வேண்டாம். இழுவிசையில் இருக்கும் பாலிஎத்திலீனில் சோப்பு வகைகள் விரிசலை வளர்க்கக்கூடியவை.

கழுவினால் உட்பரப்பில் இருப்பது போகும். சுவருக்குள் ஊறியது போகாது. அதற்குக் காற்றும் நேரமும்தான் மருந்து. எல்லா வாயையும் திறந்து நிழலில் காற்றாடவிடுங்கள். சில நாள் ஆகலாம். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: வாய்களை எல்லாம் மூடி ஒரு இரவு வைத்துவிட்டு, காலையில் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை திரும்பியிருந்தால் சுவரில் இன்னும் பாக்கி இருக்கிறது. வாடை போகாமல் வெல்டு செய்தால் தீ அபாயம் மட்டுமல்ல, வெல்டும் கெடும். சூடு பட்டதும் ஊறியிருந்த பெட்ரோல் கொதித்து வெளியேறி, உருகிய பிளாஸ்டிக்கில் பஞ்சு பஞ்சாகத் துளைகளை விட்டுப்போகும்.

வாடை நின்ற பிறகும் ஒரு காப்பு வேண்டும். விரிசல் மேல்நோக்கி இருக்கும்படி டேங்க்கை மணல் மூட்டைமேல் நிறுத்தி, விரிசலுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே வரை தண்ணீர் நிரப்புங்கள். ஆவி தங்க இடமே குறைந்துவிடும். தண்ணீர் விரிசலைத் தொடக் கூடாது. ஈரத்தில் வெல்டு பிடிக்காது. பக்கத்தில் மின்சாரக் கருவி இருப்பதால் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் உள்ள லைனையே பயன்படுத்துங்கள். உலர் மாவுத் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

விரிசலைத் தயார்செய்தல்

கண்ணுக்குத் தெரியும் நீளத்தைவிட விரிசல் எப்போதும் சற்று அதிகம் ஓடியிருக்கும். இருபுறமும் கையால் மெல்ல வளைத்துப் பிடித்து, பால்பாயிண்ட் மையைத் தடவித் துடைத்தால் மயிரிழைக் கோடும் தெரியும். அதன் உண்மையான முனையில், இரு பக்கமும், 3 மி.மீ. டிரில் பிட்டால் ஒரு துளை போடுங்கள். கூரான முனையில்தான் விசை குவிந்து விரிசலை முன்னே தள்ளுகிறது. முனை உருண்டையானால் அந்த ஓட்டம் நின்றுவிடும். டிரில்லைக் கையால் திருகினாலே போதும், இந்த பிளாஸ்டிக் மென்மையானது.

பிறகு விரிசல் நெடுகிலும் சுவரின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் பள்ளம் சீவுங்கள். கூரான பிளேடோ முக்கோண ஸ்கிரேப்பரோ போதும். பள்ளத்தின் இரு கரையிலும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெயிலும் காற்றும் பட்டு மாறிப்போன அந்தத் தோல் உருகிச் சேராது. சுரண்டியதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அது முழுக்க உலர்ந்த பிறகுதான் சூட்டுக் கருவியை எடுக்க வேண்டும். ஆல்கஹாலும் எரியும். அதன்பின் அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள்.

வெல்டிங்

குச்சி என்னும் நிரப்புப் பொருளும் அதே பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். ஹெச்டிபிஇ வெல்டிங் ராடு கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால், முக்கோணக் குறிக்குள் 2 என்ற எண் உள்ள காலி கேனை நன்றாகக் கழுவி, 4 மி.மீ. அகலத்தில் கீற்றுகளாக வெட்டிக்கொள்ளலாம். பாலிபுரொப்பிலீன் ராடு உதவாது. அது உருகிப் படியும், ஆனால் சேராது, பிறகு முழுசாகக் கழன்று வரும்.

கருவியில் சிறந்தது, குறுகிய முனை மாட்டிய ஹாட் ஏர் கன். காற்றின் சூடு 250 முதல் 300 டிகிரி வரை. அடுத்தது சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சால்டரிங் அயர்ன், தட்டையான முனையோடு. சூட்டைக் கட்டுப்படுத்த முடியாத சாதாரண அயர்ன் பிளாஸ்டிக்கை எளிதில் கருக்கிவிடும்.

முதலில் குச்சி இல்லாமல், பள்ளத்தின் அடியை மட்டும் நெடுக உருக்கி இரு விளிம்பையும் ஒன்றாக்குங்கள். உள்ளே கை போகாது என்பதால் உட்பக்கம் வெல்டு செய்ய முடியாது. இந்த அடிச்சேர்க்கைதான் பெட்ரோலைத் தடுக்கும் முதல் சுவர். பிறகு குச்சியை நிரப்புங்கள். கவனிக்க வேண்டியது ஒன்றே: குச்சியும் பள்ளத்தின் கரையும் ஒரே நேரத்தில் உருக வேண்டும். கரை பளபளப்பாகி ஈரம்போல மின்னும் நொடியில், குச்சியைச் செங்குத்தாக அழுத்தியபடி நகர்த்த வேண்டும். சரியாகப் போனால் குச்சியின் இருபுறமும் மெல்லிய வரம்பு எழும்பும். வரம்பு இல்லையென்றால் சூடு போதவில்லை. புகையும் பழுப்பு நிறமும் வந்தால் சூடு அதிகம். அந்தப் பகுதியைச் சீவி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவதே மேல். பார்க்க அழகாக, கரையில் சேராமல் படிந்திருக்கும் வெல்டுதான் மோசமான வெல்டு.

பெரிய விரிசலுக்கு நுண்ணிய எவர்சில்வர் வலையை வெட்டி, சூடான அயர்னால் மேல்பரப்புக்குள் புதைத்து, அதன்மேல் இன்னொரு அடுக்கு பிளாஸ்டிக் பூசுவார்கள். வலை சுவரைத் துளைத்து உள்ளே போய்விடக் கூடாது.

முடிந்ததும் தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். பாலிஎத்திலீன் ஆறும்போது சுருங்கும். திடீரென்று ஆற்றினால் அந்தச் சுருக்கம் வெல்டுக்குள்ளேயே இழுவிசையாகத் தங்கிவிடும். தானாக ஆறட்டும். மேடாக இருக்கும் வெல்டை உரசிச் சமமாக்க வேண்டாம், பலமே அந்த மேட்டில்தான்.

இவ்வளவும் நம் கைக்கு வராது என்று தோன்றினால், வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் கார் பம்பர்களுக்கும் பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவர்கள் பெரும்பாலான ஊர்களில் இருக்கிறார்கள். கருவியும் கைப்பழக்கமும் அவர்களிடம் உண்டு. ஆனால் அவர்கள் பழகியது தண்ணீர்த் தொட்டியில். ஆவியை வெளியேற்றுவது, தண்ணீர் நிரப்பி வைப்பது ஆகியவற்றை நீங்கள் முடித்துவிட்டே கொண்டுபோங்கள். உள்ளே இருந்தது பெட்ரோல் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குறுக்கிணைப்பு வகை டேங்க்குக்கு வெல்டிங் சரிவராது. பாலிஎத்திலீனுக்கென்றே தயாராகும் இரட்டைக் கலவைப் பசைகள் உண்டு. விலை அதிகம், பெட்ரோலில் நாள்பட நிற்கும் என்று நம்பி ஓட்டவும் முடியாது. மேல்பகுதியில், பெட்ரோல் எப்போதாவது மட்டும் தொடும் இடத்துக்கு அதைப் பார்க்கலாம். அடிப்பகுதி விரிசல் என்றால் டேங்க்கை மாற்றுவதே வழி.

சோதனை

எல்லா வாயையும் அடைத்து, டேங்க்கைப் பெரிய டப்பில் தண்ணீருக்குள் அமுக்கி, கையால் பிசையுங்கள். ஓட்டை இருந்தால் குமிழி வரும். கம்ப்ரசர் காற்றை ஏற்றாதீர்கள். இந்த டேங்க் அழுத்தம் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல, வெடித்துவிடும்.

தண்ணீர்ச் சோதனையில் தேறியது பெட்ரோலில் தேறும் என்று சொல்ல முடியாது. பெட்ரோலின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பிசுபிசுப்பும் குறைவு. தண்ணீர் நுழையாத துளையில் அது நுழையும். எனவே டேங்க்கை அலசி, சீவல் துகள்களை எல்லாம் கொட்டி, நன்றாக உலர்த்துங்கள். துகள் தங்கினால் பம்ப் ஃபில்டரை அடைக்கும். தண்ணீர் தங்கினால் எத்தனால் அதை இழுத்துக்கொண்டு, பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தேங்கும். பிறகு வெளியில் வைத்து, வெல்டு நனையும் அளவுக்குப் பெட்ரோல் ஊற்றி, வெல்டின்மேல் சாக்பீஸ் பொடி தடவி, ஒரு நாள் முழுக்க விட்டுப்பாருங்கள். பொடி கருக்காவிட்டால் வண்டியில் ஏற்றலாம்.

நடுக்காட்டில் விரிசல் விட்டால்

ஓட்டத்தின் நடுவே டேங்க் கீறினால் வெல்டுக்கு வழியில்லை. அதற்கு ஓட்டுநர்கள் கைக்கொள்ளும் பழைய வைத்தியம், கட்டிச் சோப்பு. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, விரிசலைத் துடைத்து, உலர்ந்த சலவைச் சோப்பை விரிசலுக்குள் அழுந்தத் தேய்க்க வேண்டும். பெட்ரோல் சோப்பைக் கரைக்காது. தண்ணீர் படாதவரை அந்த அடைப்பு நிற்கும். டேங்க்கில் பெட்ரோல் விரிசலுக்குக் கீழே இருக்குமாறு குறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இது வீடு வந்து சேர்வதற்கு மட்டும். சொட்டுகிற பெட்ரோல் சைலன்சர் குழாயின்மேல் விழுகிறதென்றால் இந்த வைத்தியமும் வேண்டாம், வண்டியைத் தள்ளிக்கொண்டோ வேனில் ஏற்றிக்கொண்டோதான் வர வேண்டும்.

எப்போது கைவிடலாம்?

சமமான பரப்பில், ஒற்றைக் கோடாக, போல்ட் துளைகளிலிருந்து விலகி இருக்கும் விரிசல் நன்றாகப் பிழைக்கும். பித்தளைச் செருகலே ஆடினால், பம்ப் உட்காரும் வளையம் கீறினால், வெல்டு செய்தாலும் அடுத்த முறை முறுக்கும்போது விட்டுக்கொடுக்கும். பல இடங்களில் மயிரிழை விரிசல், கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி, வளைத்தால் கரகரப்பு என்றால் வெயில் அந்த பிளாஸ்டிக்கின் ஆயுளை முடித்துவிட்டது. ஓரிடத்தைச் சேர்த்தால் இன்னோரிடம் விடும். எஞ்சினுக்கு நேர்மேலே, கால்களுக்கு நடுவே இருக்கிற பொருள் இது. சந்தேகம் இருந்தால் புது டேங்க்தான்.

அப்படி மாற்றினால் பழைய டேங்க்கை உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கழுவிக் காற்றாடவிட்டு, வாடை நின்றபின் ஆக்ஸா பிளேடால் கையாலேயே அறுத்துத் துண்டு போடுங்கள். புது டேங்க்கும் ஹெச்டிபிஇ என்றால், அடுத்த விரிசலுக்கு வேண்டிய நிரப்புக் கீற்று அதிலேயே இருக்கிறது. மீதித் துண்டுகளில் நீங்களே கீறி, நீங்களே வெல்டு செய்து, ஆறியதும் வைஸில் மாட்டி வளைத்துப் பாருங்கள். வெல்டு ஓரத்தில் உரிந்து வந்தால் சூடு போதவில்லை. வெல்டு நிற்க, பக்கத்து பிளாஸ்டிக் இழுபட்டு வளைந்தால் உங்கள் கை தேறிவிட்டது.